கொக்கி

குலுக்குச் சீட்டில் விழுந்தது நாற்பத்தி ரெண்டாயிரம்.
தோடு எடு என்றாள் நாத்தனார்.
நான் சிம்மக்கல் போய்
பழைய ஆம்னி ஒன்றின் பின் அச்சை எடுத்து வந்தேன்,
ஷேர் ஆட்டோவில்,
பிள்ளையைப் போல ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி.

"வீட்ல கட்டில் கெடக்கு,
ரோட்டுல எதுக்கு ஒண்ணு" என்றார் இவர்.
இருபத்தோரு வருசம் லாரி.
நாசிக் வெங்காயம், கௌஹாத்தி தேயிலை,
கேபினில் முடங்கிப் படுத்துக் கோணிப்போன இடுப்பு.
சக்கரத்தின் மேல் தூங்குவது இவருக்கு வேலை.
எனக்குக் கப்பலூர் டோல்கேட் தாண்டினாலே
வெளிநாடு.

புதூர் பட்டறையில் தைனிஸ் கேட்டான்,
"கோழி வண்டியாக்கா, டிபன் கடையா?"
"படுக்க" என்றேன்.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் போட்டான்,
ஆறுக்கு நாலு.
அதற்குள் மல்லாந்து படுத்துக் காட்டினேன்.
பட்டறை முழுக்கச் சிரிப்பு.
அரை அடி கூட்டினான், காசு கூட்டவில்லை.

இடித்த வீட்டின் பாத்ரூம் கதவு, முந்நூறு.
"ஆள் இருக்கு" என்று ஆணியால் யாரோ கீறியது
அப்படியே இருக்கிறது.
ஜன்னல், கண்டம் பண்ணின பஸ்ஸில் கழற்றியது.
கரம் சிரம் புறம் நீட்டாதீர்.
நீட்டத்தானே வாங்கினேன்.
வெயில் தாங்கச் சுவருக்குள்
மண்டபத்தில் தூக்கிப்போட்ட மேடைத் தெர்மாகோல்,
லோகமாதேவியில் பாதி, மணமகன் பெயரில் ரெண்டெழுத்து.
யார் கல்யாணமோ
எங்கள் சுவருக்குள் நடந்துகொண்டே இருக்கிறது.
கூரைக்கு அடியில் காதணி விழா ஃப்ளெக்ஸ்.
ஒழுகுகிறதா பார்க்க
மேலே ஆறு வாளி ஊற்றிவிட்டு உள்ளே வந்து படுத்தால்
கூலிங் கிளாஸ் போட்ட ஏழு தாய்மாமன்கள்
குனிந்து என்னைப் பார்க்கிறார்கள்.
நடுவில் இருப்பவர் மீசையில் மட்டும்
ஒரு சொட்டு.
எம்சீல், நாற்பது.

மெத்தைக்குச் செலவில்லை.
நான் கார் சீட் தைக்கிற கடையில் மிஞ்சிய ரெக்சின்:
சிவப்பு, மாம்பழ மஞ்சள்,
யாரோ ஒரு டாக்டரின் வெள்ளை.
ஒன்பது ஞாயிறு, மூன்று ஊசி.
நோட்டின் கடைசியில் மிச்சம் நூற்றிப் பத்து என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது என்ன வண்டின்னு எழுதும்மா" என்றார் கிளார்க்.
அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத
எனக்கும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.
அடுத்த மாசம் வாங்க.

ஆகவே
மற்ற வண்டிகளை இழுக்கிற வயதில்லாத எங்கள் வண்டி
குட்டி யானை முதுகில் ஏறி வந்து இறங்கியது.
கொழுந்தனின் பொலிரோவில் இன்னும் மாட்டாத கொக்கி
மண்ணில் மூக்கைக் குத்தி நிற்க,
துவரிமான் கண்மாய்க் கரையில் முதல் ராத்திரி.
எங்கள் வீட்டு விளக்கு தெரிகிற தூரம்தான்.

இவர் உயரத்தை அளக்க மறந்திருந்தேன்.
"ஆள் இருக்கு" கதவைத் திறந்துவைத்து
முழங்காலுக்குக் கீழே வெளியில்.
பைபாஸில் போகிற சத்தத்தைக் கேட்டு
பத்து வீல்… லோடு இல்ல…
இது நாமக்கல் வண்டி… என்று முணுமுணுத்து
அப்படியே தூங்கிப்போனார்.

ரெண்டு மணி இருக்கும்.
எழுந்து இறங்கி, டார்ச்கூட இல்லாமல்,
ரெண்டு டயரையும் காலால் தட்டிப் பார்க்கிற சத்தம்.
டக். டக்.
எங்கேயும் போகாத வண்டியை.
அப்புறம் கொக்கியை ஒரு தரம்
ஆட்டிப் பார்த்தார்.

வந்து, தலைமாட்டை மாற்றிப் போட்டுப் படுத்துக்கொண்டு
இருட்டில் கேட்டார்,
"மொதல்ல எங்க போறதா இருக்க?"

நான் கண்ணாடியைத் தள்ளி
கரத்தை நீட்டினேன், பிறகு சிரத்தை.
கண்மாய் நிறையக்
கொசு.